கழுத்தில் ஓடுவதும் தலையில் எழுதியதும்

மனிதனுடைய வாழ்வும் சாவும் அவனவன் தலையில் எழுதியபடிதான் நடக்கும் என்று நம் ஜனங்களில் பெரும்பாலோர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். எழுதினவன் யார், எந்தப் பாஷையில் எழுதினான், அந்த எழுத்தை வாசித்தவர் எவராவது உண்டா என்று கேட்டால், கேட்டவனுக்கு நாஸ்திகன் என்ற பட்டம் கிடைக்குமே தவிர பதில் கிடைக்காது. அது போகட்டும். அந்தத் தலைக்கு இரத்தம் கொண்டு போகிற குழாய்கள் கழுத்து வழியாக எப்படி ஓடுகின்றன என்பதை இன்று ஒரு யந்திரம் சில நிமிஷத்தில் படமெடுத்துக் காட்டிவிடுகிறது. தலையெழுத்தை வாசித்தவர் இல்லை. கழுத்துக் குழாயை வாசிக்கிறவரோ முண்டியம்பாக்கத்திலும் இருக்கிறார், புதுச்சேரியிலும் இருக்கிறார். அவர் வாசித்துச் சொன்ன பிறகும் நம்மவர்கள் ஜோசியன் வீட்டைத் தேடி ஓடுவார்களானால் அதைப்பற்றி எழுதாமலிருக்க நமக்கு மனம் வரவில்லை.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் நடுவில், அண்ணன் ஓட்டிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போன ஒரு குடியானவர் வீட்டுப் பெண் கீழே விழுந்துவிடுகிறாள் என்று வைத்துக் கொள்ளுவோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். கழுத்தில் அடி என்பதால் மருந்து செலுத்தி இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். பெரிய காயம் ஒன்றுமில்லை என்று தெரிகிறது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில், ஒரு குழாய் வழக்கமான இடத்தில் பிரியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்த அரைகுறைப் படிப்பாளி ஒருவர், “கழுத்து நரம்பு இடம் மாறி இருக்குதாம்” என்று சொல்லி வைக்கிறார். (நம் ஜனங்கள் இரத்தக் குழாயையும் நரம்பு என்றுதான் சொல்லுவார்கள்.) அவ்வளவுதான். கிரகணத்தன்று வெளியே வராதே என்று சொன்னேனே கேட்டாளா என்று பாட்டி, பெண்ணைப் பெற்றவள் மீது பாய்வாள். கோளாறு என்ற சொல் காதில் விழுந்தவுடன் கோள்களைத் தேடிப் போகிறவர் ஒருவர் ராகுவையும் கேதுவையும் இழுத்துக் கொண்டு வருவார். பரிகாரத்திற்கு ஒரு தொகை, தாயத்துக்கு ஒரு தொகை. தாயத்துக் கட்டுகிற இடமும் அதே கழுத்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் மாமன்காரர் ஒருவர் மெதுவாக வந்து, “வரன் பார்க்கிற நேரத்தில் இது வெளியே தெரிந்தால் யார் கட்டுவான்? ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடு” என்பார்.

இந்தக் கடைசி யோசனைதான் எல்லாவற்றிலும் கொடியது. பரிகாரத்தினால் பணம் மாத்திரம் போகும். ரிப்போர்ட்டைக் கிழித்தால் உயிருக்கே மோசம் வரலாம். எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

இருதயத்திலிருந்து புறப்படுகிற பெருந்தமனி மார்புக்குள் மேலே ஏறி, குடையின் பிடிபோல் வளைந்து, கீழே இறங்குகிறது. அந்த வளைவிலிருந்துதான் தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. புத்தகத்தில் வரைந்துள்ள கணக்குப்படி கிளைகள் மூன்று. வலப்பக்கத்துக் கழுத்துக்கும் கைக்கும் சேர்த்து ஒன்று, இடப்பக்கத்துக் கழுத்துக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. கழுத்துத் தமனி இருபுறமும் மேலே போய், குரல்வளையின் மேல்விளிம்புக்கு ஏறக்குறையச் சமமான இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று முகத்திற்கும் மற்றொன்று மூளைக்கும் போகிறது. முதுகெலும்பை ஒட்டி இன்னும் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. உடம்பின் எடையில் 100-க்கு 2 பங்கே உள்ள மூளை, இருதயம் தள்ளுகிற இரத்தத்தில் 100-க்கு 15 முதல் 20 பங்கு வரை வாங்கிக் கொள்ளுகிறது. இக்குழாய்க்குக் கரோட்டிட் என்று பெயர் வைத்த கிரேக்கர்கள், அதை அழுத்தினால் மயக்கம் வரும் என்று கருதியே மயக்கம் என்ற பொருளில் அப்பெயரை வைத்தார்கள். ஆலகால விஷத்தை விழுங்கிய கடவுளின் கழுத்தை அம்மன் இறுகப் பிடித்து நிறுத்தினாள் என்று நம் புராணக்காரர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் இந்தச் சங்கதியை விசாரித்திருந்தால் வேறு இடத்தைப் பிடிக்கச் செய்திருப்பார்கள்.

நிற்க, புத்தகத்திலுள்ள இந்த மூன்று கிளை எல்லாருக்கும் உண்டா? இல்லை. பிணங்களை அறுத்துப் பார்த்தும், உயிருள்ளவர்களைப் படமெடுத்தும் எண்ணியதில் 100-க்குச் சுமார் 70 பேருக்குத்தான் அது பொருந்துகிறது. 100-க்கு 10 முதல் 20 பேர் வரையில் முதல் இரண்டு கிளைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து புறப்படுகின்றன. ஏறக்குறைய 5 பேருக்கு, முதுகெலும்பை ஒட்டி ஏறும் இடப்பக்கத்துக் குழாய் நேரே வளைவிலிருந்தே கிளம்புகிறது. 100-க்கு ஒருவர் என்ற அளவில் வலக்கைக்குப் போகும் குழாய் கடைசிக் கிளையாக இடப்பக்கத்தில் பிறந்து, பெரும்பாலும் உணவுக் குழாய்க்குப் பின்புறமாக வலப்பக்கம் போகிறது. கருவில் மறைந்து போகவேண்டிய ஒரு பழைய இணைப்புக் குழாய், ஆயிரத்தில் சிலருக்கு மறையாமல் மண்டைக்குள் நின்றுவிடுகிறது. மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி ஒருபுறம் அடியோடு இல்லாமலே பிறந்து, வளர்ந்து, ஏர் உழுது, பிள்ளை பெற்று வாழ்கிறவர்களும் உலகில் உண்டு. ஆனால் இது பதினாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மூளைக்குள் குழாய்கள் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்திருப்பதால், அடைபட்ட வாய்க்காலின் வயலுக்கு மடை திருப்பிவிடுவது போல மறுபக்கத்து இரத்தம் இந்தப் பக்கத்தையும் காப்பாற்றுகிறது.

இவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதும் ஒரு தலைவலிகூட இதனால் வருவதில்லை. வேறு காரணத்திற்காகப் படம் எடுத்தபோது தற்செயலாகத் தெரிகிறது. பத்துப் பேருக்கு ஒருவரிடமாவது இருக்கிற ஒன்றைத் தோஷம் என்று சொன்னால், விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ் நிறைய உட்கார்ந்திருப்பவர்களில் நாலைந்து பேர் தோஷக்காரர்கள் என்றாகிவிடும். அவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கிக் கொண்டு சௌக்கியமாகத்தானே போய் வருகிறார்கள்?

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு கிளையும் சேர்ந்து பிறப்பதற்கு டாக்டர்கள் நெடுங்காலமாக ‘மாட்டு வளைவு’ என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி வருகிறார்கள். மாட்டுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. 2006-இல் அமெரிக்க டாக்டர்கள் சிலர், மாட்டின் வளைவு உண்மையில் எப்படி இருக்கிறதென்பதைக் காட்டி, மாட்டுக்கு ஒரே ஒரு தடித்த கிளை புறப்பட்டு அதிலிருந்துதான் எல்லாம் பிரிகின்றன, மனிதரில் காணும் இந்த அமைப்பு மாட்டுக்குக் கிடையாது என்று எழுதினார்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதிக் கொண்டே வந்திருக்கிறார்கள்! வேதம் ஓதுகிறவனிடம் மாத்திரம்தான் இந்தக் குணம் இருக்கிறதென்று நாம் நினைத்துவிடக் கூடாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாட்டைப் பார்த்துச் சொன்னவர்களை எவரும் ஜாதியை விட்டுத் தள்ளவில்லை. அவர்கள் சொன்னதை அச்சுப் போட்டார்கள்.

இதைவிடப் பெரிய உதாரணமும் உண்டு. கிறிஸ்து பிறந்த இரண்டாவது நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த காலன் என்ற வைத்தியர், மூளையின் அடியில் கழுத்துத் தமனி ஒரு ‘அற்புத வலை’யாகப் பின்னிக் கிடக்கிறதென்றும், உயிர்ச்சக்தி அங்கேதான் தயாராகிறதென்றும் எழுதி வைத்தார். அவர் அறுத்துப் பார்த்தது ஆட்டையும் மாட்டையும் குரங்கையும் பன்றியையும்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த வலை உண்டு, மனிதனுக்கு இல்லை. ஆனாலும் சுமார் 1,300 வருஷம் ஐரோப்பா முழுவதும் அதையே ஓதிக் கொண்டிருந்தது. 1521-இல் இத்தாலியில் பெரெங்காரியோ என்பவர், எத்தனையோ தலைகளில் தேடியும் தமக்கு அது அகப்படவில்லை என்று சொன்னார். வெசாலியஸ் என்ற பெரிய சரீர சாஸ்திரி 1538-இல் தாமே அந்த வலையைப் படமாக வரைந்தவர். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மனிதத் தலையின் பக்கத்தில் ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ தயாராக வைத்துக் கொண்டிருந்தவர். அவரே 1543-இல் மனிதனுக்கு அது இல்லை என்று எழுதி, தாமும் குருட்டு நம்பிக்கையில் இருந்ததை ஒப்புக் கொண்டார். நம் சாஸ்திரங்களில் மனித உடம்பில் 72,000 நாடிகள் ஓடுகின்றன என்று இருக்கிறது. எண்ணினவர் யார்? எந்த உடம்பில் எண்ணினார்? ஒரே ஒரு வளைவில் உள்ள மூன்று கிளைகளே எல்லாருக்கும் மூன்றாக இல்லாதபோது, எழுபத்திரண்டாயிரமும் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் எல்லாருக்கும் சரியாக இருக்கிறதாம். அதை மறுத்து எழுதிய சாஸ்திரி ஒருவர் நம் நாட்டில் உண்டா?

நம் நாட்டிலும் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. பிணத்தை ஏழு இரவு ஓடும் நீரில் ஊறவைத்துத் தோலைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே பார்க்க வேண்டும் என்று சுசுருதர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று மனுவின் கூட்டத்தார் விதித்தார்கள். தொடுகிற வேலையைச் சுடுகாட்டு வெட்டியானிடம் தள்ளினார்கள். தொட்டவனைத் தீண்டாதவன் என்றார்கள். தொடாதவனே மேலானவன் என்றான பிறகு உடம்புக்குள் இருப்பது எவனுக்குத் தெரியும்? 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் கத்தியை எடுத்துப் பிணத்தை அறுத்தபோது, அது ஒரு பெரிய ஜாதிக் கட்டை உடைத்த காரியமாகவே எண்ணப்பட்டது. 1927-இல் லிஸ்பன் நகரத்தில் மோனிஸ் என்பவர் உயிரோடிருக்கும் மனிதனுடைய கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி மூளைக் குழாய்களைப் படமெடுத்தார். 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்ற எஞ்சினீயரின் சி.டி. யந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. இவ்வளவு பேர் பட்ட பாட்டினால் கிடைத்த ஒரு வரி ரிப்போர்ட்டைத்தான் நம் மாமன்காரர் கிழித்துப் போடச் சொல்லுகிறார்.

கிழித்தால் என்ன ஆகும்? தொண்டைக்கு ஓசை கொடுக்கிற நரம்பு ஒன்று இருபுறமும் இருக்கிறது. அது மூளையிலிருந்து வருகிற பெரிய நரம்பின் கிளை. குரல்வளைக்கு நேரே போகாமல் கழுத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, இடப்பக்கத்தில் பெருந்தமனியின் வளைவையும், வலப்பக்கத்தில் கைக்குப் போகும் தமனியையும் சுற்றிக் கொண்டு மறுபடியும் மேலே ஏறி வருகிறது. வலக்கைத் தமனி இடம் மாறிப் பிறந்தவருக்குச் சுற்றிக் கொள்ள அங்கே ஒன்றுமில்லாததால், வலப்பக்க நரம்பு குறுக்கே நேராகக் குரல்வளைக்குப் போய்விடும். அந்தப் பெண்ணுக்குப் பத்து வருஷம் கழித்துத் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். டாக்டர் நரம்பு கீழிருந்து வரும் என்று எதிர்பார்ப்பார். குறுக்கே போவதை இரத்தக் குழாயோ நாரோ என்று நினைத்து வெட்டிவிட்டால் குரல் போச்சு. முன்கூட்டித் தெரிந்திருந்தால் தேடிக் கண்டு காப்பாற்றுவார். அதே போல் மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி சிலருக்கு நெளிந்து தொண்டையின் பின்சுவரை ஒட்டி வந்து நிற்கும். வாயைத் திறந்தால் அது துடிப்பதுகூடத் தெரியும். அதை அறியாமல் டான்சில் அறுக்கப் போனால் என்னவாகும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஒருபுறத் தமனி இல்லாதவர்களுக்கு மறுபுறம் சுமை கூடுவதால் மூளைக் குழாயில் புடைப்பு உண்டாவது மற்றவர்களைவிட அதிகம். டாக்டர் கவனித்து வரவேண்டும். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இருதயத்தைப் பார்ப்பதுகூட வலக்கைத் தமனி மாறியிருந்தால் சிரமப்படும். ஆக, இந்த மாறுதல் தானாக ஆளைக் கொல்வது மிக அபூர்வம். தெரியாமலிருப்பதுதான் ஆளைக் கொல்லும்.

இனித் தாயார் மீது போடும் பழிக்கு வருவோம். கருவில் முதன்முதல் கழுத்துப் பக்கத்தில் ஜோடி ஜோடியாகத் தமனி வளைவுகள் உண்டாகின்றன. ஆறு ஜோடி என்று கணக்குச் சொல்லுவார்கள். ஐந்தாவது ஜோடி சரியாக உண்டாவதே இல்லை. மீனுக்கு இவ்வளைவுகள்தாம் செவுளுக்கு இரத்தம் கொண்டு போகின்றன. நமக்குச் செவுள் வேண்டாமாகையால் சில வளைவுகள் மறைந்து, மூன்றாவது ஜோடி கழுத்துத் தமனியாகவும், நான்காவதின் இடப்பக்கம் பெருந்தமனி வளைவின் ஒரு பாகமாகவும், வலப்பக்கம் வலக்கைத் தமனியின் அடியாகவும் நிற்கின்றன. மறைய வேண்டியது நின்றாலோ, நிற்க வேண்டியது மறைந்தாலோ மாறுதல் ஏற்படுகிறது. இதெல்லாம் முதல் எட்டு வாரத்திற்குள் முடிந்துவிடுகிற வேலை. அதில் பாதி நாள் அந்தத் தாய்க்குத் தான் கர்ப்பம் என்பதே தெரிந்திராது. அவள் வெளியே வந்தாளா, காய் நறுக்கினாளா, கிரகணத்தைப் பார்த்தாளா என்று கேட்பதில் என்ன அர்த்தம்? வானத்தில் சந்திரனின் நிழல் பூமிமேல் விழுந்தால் வயிற்றுக்குள் நான்காவது வளைவு மறைந்துவிடுமா? ஆண்பிள்ளை வெளியே போனால் ஒன்றுமில்லை, பொம்பிளை போனால் குற்றம் என்கிற கிரகணத்தை எந்தப் பஞ்சாங்கம் கண்டுபிடித்தது?

வக்கிரம் நீங்க வேண்டுமானால் வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரைக்குப் போய் வரச் சொல்லுவார்கள். அங்கே கோயிலின் கொடிமரமும் நந்தியும் மூலஸ்தானமும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்று பக்தர்களே பெருமையாகச் சொல்லுகிறார்கள். போகிறவர்கள் போகட்டும். ஆனால் போகிறவர்கள் அந்த ஊரிலேயே கல்லாகிப் போன மரங்கள் கிடக்கும் பூங்காவையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரவேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். அவற்றை அசுரனுடைய எலும்பு என்று கதை கட்டிவைத்திருந்தார்கள். நிலநூல் வல்லவர்கள் அவை சுமார் 2 கோடி வருஷத்திற்கு முற்பட்ட மரங்கள் என்று சொல்லுகிறார்கள். கல்லாகிப் போன இந்த மரங்களுக்கே அவ்வளவு வயதென்றால், செவுள் உள்ள பிராணியிலிருந்து கழுத்துள்ள பிராணி உண்டாக அதைவிட எவ்வளவோ பெரிய காலம் ஆகியிருக்கிறது. அந்தப் பழைய கணக்கின் மிச்சம்தான் கழுத்தில் தெரிகிற இந்த மாறுதல்.

கடவுள் உடம்பை எவ்வளவு அற்புதமாக அளவெடுத்துச் செய்திருக்கிறார் பாருங்கள் என்று சொல்லுகிற படித்த பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மூளைக்குப் பக்கத்தில் இருக்கிற குரல்வளைக்கு ஒரு நரம்பை மார்பு வரை இறக்கி மறுபடி ஏற்றி அனுப்புவது எந்த எஞ்சினீயரின் திட்டம்? ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த நரம்பு கழுத்து முழுவதும் இறங்கி முழுவதும் ஏறுகிறது. விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம் போகிறவனைத் திருச்சி வழியாக அனுப்புகிற கதைதான் இது. அதிலும் தமனி ‘வக்கிரமாக’ப் பிறந்தவருக்குத்தான் அந்த நரம்பு நேர்வழியில் போகிறது! முகத்தில் பிறந்தவன் ஒருவன், தோளில் பிறந்தவன் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் ஒருவன் என்று ஜாதிக்கு உடம்பில் இடம் பிரித்துக் கொடுத்தவர்கள், கழுத்தில் பிறந்தவன் என்று எவனையும் சொல்லவில்லை. முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக் கொள்ளுகிறவன் முகத்திற்கும் இந்தக் கழுத்து வழியாகத்தான் இரத்தம் போக வேண்டியிருக்கிறது. மூன்று கிளைக்காரனும் இரண்டு கிளைக்காரனும் எல்லா ஜாதியிலும் இருக்கிறார்கள்.

டாக்டர்களையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. படம் பார்த்து எழுதுகிறவர் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதுகிறார். அதன் கீழே, “இது நோயல்ல, பிறவி அமைப்பு. கழுத்திலோ நெஞ்சிலோ ஆபரேஷன் செய்யுமுன் இந்த ரிப்போர்ட்டைக் காட்டவும்” என்று தமிழில் இரண்டு வரி எழுதினால் கை ஒடிந்துவிடுமா? அந்த இரண்டு வரி இல்லாத இடத்தில்தான் ஜோசியன் நுழைகிறான். நோயாளிகளும், என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரை நின்று கேட்க வேண்டும். படத்தையும் ரிப்போர்ட்டையும் நிலப்பத்திரத்தைப் போல் பத்திரமாக வைக்க வேண்டும். பெண் கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் இதை ஒரு குறையென்று சொல்லுவார்களானால், அவர்கள் முதலில் தங்கள் கழுத்தைப் படமெடுத்துக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

கடைசியாக, பிறந்த நேரத்தைக் கொண்டே ஒருவனுடைய உடம்பும் உயிரும் தெரியும் என்கிற ஜோசியர்களுக்கு ஒரு அழைப்பு விடுக்கிறோம். ஏற்கெனவே வைத்தியத்திற்காகப் படமெடுத்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருந்து, மனமொப்பி வருகிற பத்துப் பேரைத் திரையின் பின்னால் உட்கார வைக்கிறோம். ஜாதகம் பத்தையும் அவர் கையில் கொடுக்கிறோம். யாருக்கு மூன்று கிளை, யாருக்கு இரண்டு, யாருக்கு இடம் மாறியது என்று எழுதிக் கொடுக்கட்டும். ஜனங்கள் முன்னிலையில் ரிப்போர்ட்டைப் பிரித்து ஒத்துப் பார்ப்போம். விழுப்புரமானாலும் சரி, திண்டிவனமானாலும் சரி, இடத்தையும் நல்ல நேரத்தையும் அவரே குறிக்கட்டும். ராகு காலத்தில் வைத்தாலும் நமக்கு ஆட்சேபனை இல்லை.